விமான நிலையத்தை அணுகும் வேளையில்: வானில் நேரும் மார்க்க முரண்களும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளும்

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே உள்ளது குஷாய்குடா. 1967-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆப் இந்தியா தொழிற்சாலையால் பெயர் பெற்ற பகுதி இது. இவ்வூரை மையமாகக் கொண்டு தேசப்படத்தில் 30 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தை வரைந்தால், அதன் உள்ளோ விளிம்பிலோ நான்கு விமானத் தளங்கள் அமைந்திருப்பதைக் காணலாம். வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் ஹகீம்பேட்டை விமானப் படைத் தளமும், மேற்கே ஏறக்குறைய அதே தொலைவில் பேகம்பேட்டை விமான நிலையமும், வடமேற்கில் துண்டிகல்லில் விமானப் படைக் கலாசாலையும், தென்மேற்கில் ஷம்ஷாபாத் சர்வதேச விமான நிலையமும் உள்ளன. பிரயாணிகள் விமானங்கள் 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையில் பேகம்பேட்டையில் இறங்கின. அதன் பின்னர் ஷம்ஷாபாத்துக்கு மாறின.

ஒரே வான்பரப்பில் பயிற்சி விமானங்களும், போர் விமானங்களும், நூற்றுக்கணக்கான பிரயாணிகளை ஏற்றிய பெரிய விமானங்களும் ஒன்றன் மீது ஒன்று படாமல் போக வேண்டியிருக்கிறது. பரந்த ஆகாயத்தில் இது எளிது என்று நமக்குத் தோன்றலாம். விமான நிலையத்தை நெருங்கும்போது அந்தப் பரப்பு எவ்வாறு குறுகிவிடுகிறது, அங்கே நேரும் அபாயங்கள் யாவை, அவற்றைத் தவிர்க்கும் ஏற்பாடுகள் எப்படி வேலை செய்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பெரும் விபத்து இவ்விஷயத்தில் உலகுக்கே பாடமாக அமைந்ததால், அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

மார்க்க முரண் என்றால் என்ன?

இரண்டு விமானங்கள் மோதுவது விபத்து. அவ்வாறு மோதுவதற்கு வெகு முன்னரே, அவை இப்போது செல்லும் வேகத்திலும் திசையிலும் தொடர்ந்து சென்றால் விதிக்கப்பட்ட இடைவெளியைவிட நெருங்கிவிடும் என்று கணக்கிட்டு அறிய முடியும். இந்த நிலையை விமானத் துறையினர் 'கான்ஃப்ளிக்ட்' என்று வழங்குகின்றனர். தமிழில் இதனை 'மார்க்க முரண்' எனலாம். கட்டுப்பாட்டு அதிகாரியின் வேலை மோதலைத் தடுப்பது மட்டுமன்று. முரண் தோன்றும்போதே அதனைக் கண்டு நீக்குவதே அவருடைய அன்றாடத் தொழிலாகும்.

விதிக்கப்பட்ட இடைவெளி இரு வகைப்படும். ஒன்று உயர இடைவெளி. ஒரு விமானத்துக்கும் அதற்கு நேர் மேலே செல்லும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 1,000 அடி இருத்தல் வேண்டும். முன்னாளில் 29,000 அடிக்கு மேலே இது 2,000 அடியாக இருந்தது. உயரமானிகள் நுட்பம் பெற்றதன் பயனாக, இந்திய வான்பரப்பில் 2003-ஆம் ஆண்டு முதல் 41,000 அடி வரையில் 1,000 அடியே போதுமென்று ஆக்கப்பட்டது. மற்றொன்று கிடை இடைவெளி. நெடுந்தூர மார்க்கங்களில் ராடாரின் துணையோடு செல்லும் விமானங்களுக்குப் பொதுவாக 5 கடல் மைலும், நிலையத்தின் அருகே 3 கடல் மைலும் இடைவெளியாக விடப்படுகின்றன. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இவ்விரண்டு இடைவெளிகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். இரண்டும் ஒருசேரக் குறையும் நிலையே முரண் எனப்படும்.

நிலையத்தின் அருகே நெருக்கடி ஏன்?

நெடுந்தூரப் பயணத்தில் விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், குறித்த மார்க்கத்தில் செல்கிறது. கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒரு வரிசை உயரங்களும், மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இடைப்பட்ட மற்றொரு வரிசை உயரங்களும் ஒதுக்கப்பட்டிருப்பதால் எதிரெதிரே வருபவை தாமாகவே மேலும் கீழுமாக விலகிச் செல்கின்றன. நிலையத்தை நெருங்கும்போது இந்த ஒழுங்கு கலைகிறது. வருபவை இறங்க வேண்டும். புறப்பட்டவை ஏற வேண்டும். ஒன்றின் உயரத்தை மற்றொன்று கடந்தே தீர வேண்டியிருக்கிறது. பல திசைகளிலிருந்து வருபவை யாவும் இறுதியில் ஒரே ஓடுபாதையின் ஒரே முனையை நாடி வருகின்றன. சுற்றிலுமுள்ள கிராமங்களிலிருந்து சந்தைக்கு வரும் வண்டிகள் ஊர் எல்லையில் ஒரே பாலத்தைக் கடப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் வண்டியைப் பாலத்தின் முன் நிறுத்தி வைக்கலாம், விமானத்தை வானில் நிறுத்தி வைக்க இயலாது.

இறங்கும் கோட்டின் சரிவு சாதாரணமாக 3 டிகிரி. இதன்படி ஒரு கடல் மைல் முன்னேறுவதற்குள் விமானம் ஏறக்குறைய 320 அடி இறங்குகிறது. ஓடுபாதையின் முனையிலிருந்து 5 கடல் மைல் தொலைவில் அது 1,600 அடி உயரத்திலும், 10 கடல் மைலில் 3,200 அடியிலும் இருக்கும். பேகம்பேட்டையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆகவே, அங்கே பிரயாணிகள் விமானங்கள் இறங்கிய காலத்தில், கிழக்கிலிருந்து வந்தவை குஷாய்குடாவுக்குச் சற்றுத் தெற்கே இத்தகைய உயரத்தில்தான் வரிசையாகச் சென்றிருக்கும்.

விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்குவதே முறை. ஆதலால் தக்காணத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. காற்று மாறும்போது ஓடுபாதையின் உபயோகத் திசையும் மாறும். அப்போது வரிசை முழுவதையும் மறு முனைக்குத் திருப்ப வேண்டும். கோடையில் மாலை வேளைகளில் எழும் இடி மேகங்களும் தொல்லை தருகின்றன. அவற்றைத் தவிர்க்க ஒவ்வொரு விமானியும் வழி விலகக் கேட்பார். வழிகள் விலகும்போது முரண்கள் பெருகுகின்றன.

இறுதிக் கட்டத்தில் பெரிய விமானம் ஏறக்குறைய 140 நாட் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். இவ்வேகத்தில் 3 கடல் மைலைக் கடக்க 77 வினாடிகள் ஆகும். முன்னால் இறங்கிய விமானம் அதற்குள் ஓடுபாதையை விட்டு விலகியாக வேண்டும். கனமான விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து சுழற்காற்றுகள் பின்னோக்கி எழுந்து மெல்லக் கீழே படிவதால், அதன் பின்னே வரும் நடுத்தர விமானத்துக்கு 5 கடல் மைலும், சிறிய விமானத்துக்கு 6 கடல் மைலும் விட வேண்டும் என்பது விதி. வரிசையில் யார் முன், யார் பின் என்பதைத் தீர்மானிக்கும்போது அதிகாரி இவை அனைத்தையும் மனத்தில் கொள்கிறார்.

இடமில்லாத நேரத்தில் விமானங்கள் குறித்த ஓரிடத்தின் மேல் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து 1,000 அடி உயர வித்தியாசத்தில், அடுக்கி வைத்த தட்டுகள் போல இருக்கும். அடியிலுள்ளது வெளியேறி இறங்கச் செல்ல, மேலுள்ளவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். இந்த ஏற்பாட்டில் ஒருவர் தமக்குச் சொல்லப்பட்ட உயரத்தைத் தவறாகக் கொண்டாலும் அடுக்கு முழுவதும் குலைந்துவிடும்.

உயரம் என்னும் எண்

விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவியே. உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும் என்னும் நியதியைக் கொண்டு அது அடிக் கணக்கைக் காட்டுகிறது. தாழ்ந்த உயரங்களில் ஒரு மில்லிபார் வித்தியாசம் ஏறக்குறைய 28 அடிக்குச் சமம். வானிலை மாறுந்தோறும் தரை அழுத்தம் மாறுவதால், ஒரு விமானி ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் கருவியைத் திருத்தி வைத்திருந்தால், இருவரும் சொல்லும் எண்கள் ஒத்திருப்பினும் உண்மை உயரங்கள் வேறுபடும். பத்து மில்லிபார் பிழை ஏறக்குறைய 280 அடியை விழுங்கிவிடும். இதனைத் தவிர்க்க, குறித்த ஓர் உயரத்துக்கு மேலே எல்லா விமானங்களும் 1013.2 மில்லிபார் என்னும் பொது அளவையே வைத்துக் கொள்கின்றன. அதற்குக் கீழே இறங்குகையில் நிலையத்தார் அறிவிக்கும் அன்றைய அழுத்தத்தை எல்லோரும் ஒருமிக்க ஏற்கின்றனர். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருப்பதால், உயரமானி 3,600 அடி காட்டும்போது விமானம் தரையிலிருந்து 1,600 அடியில்தான் இருக்கிறது என்பதையும் விமானி மறத்தலாகாது.

1996 நவம்பர் 12

தில்லி விமான நிலையத்தில் அன்று மாலை 6 மணி 32 நிமிஷத்துக்கு சவுதி அரேபிய விமானக் கம்பெனியின் 763-ஆம் எண் போயிங் 747 விமானம் தஹ்ரானை நோக்கிப் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். அதே வேளையில் கஜகஸ்தான் விமானக் கம்பெனியின் 1907-ஆம் எண் இல்யூஷின் 76 விமானம் சிம்கென்ட் நகரிலிருந்து 37 பேருடன் தில்லியை அணுகிக் கொண்டிருந்தது. மேற்கு நோக்கி ஏறுவதும், மேற்கிலிருந்து இறங்குவதுமாக இரண்டும் ஒரே பாதையில் எதிரெதிரே வந்தன. தில்லியைச் சுற்றியுள்ள வான்பரப்பின் பெரும்பகுதி விமானப் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையால், வருவதற்கும் போவதற்கும் அந்நாளில் ஒரே வழியே இருந்தது.

அணுகு கட்டுப்பாட்டு அதிகாரி கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடி வரையில் இறங்க அனுமதித்தார். சவுதி விமானத்தை 14,000 அடி வரையில் ஏற அனுமதித்து, மேலும் ஏறுவதற்கு அநுமதி கிடைக்கும் வரையில் அங்கேயே இருக்குமாறு கூறினார். சவுதி விமானி அதனைத் திருப்பிச் சொல்லி ஏற்றுக் கொண்டார். 1,000 அடி இடைவெளி விதிப்படி விடப்பட்டிருந்தது.

தில்லியிலிருந்து 46 கடல் மைலில் 15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கஜகஸ்தான் விமானத்தின் ரேடியோக்காரர் அறிவித்தார். அதிகாரி அவ்வுயரத்திலேயே இருக்கும்படி சொல்லி, எதிரே சவுதி போயிங் வருகிறது, கண்ணுக்குத் தென்பட்டால் கூறுக என்று எச்சரித்தார். எவ்வளவு தூரத்தில் என்று விமானத்திலிருந்து கேட்கப்பட்டது. 14 கடல் மைல் என்றும், அது 14,000 அடியில் உள்ளது என்றும் அதிகாரி விடை தந்தார். இந்தச் சொற்கள் பரிமாறப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நில்லாமல் மேலும் இறங்கிக் கொண்டிருந்தது.

மாலை 6 மணி 40 நிமிஷ அளவில் ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் வானில் இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். வானில் இரு விமானங்கள் மோதிய விபத்துக்களில் இவ்வளவு உயிர்களைப் பலி கொண்டது வேறொன்றில்லை.

நீதிபதி ரமேஷ் சந்திர லகோத்தியின் தலைமையில் விசாரணை நடந்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியாக விளங்கியவர் அவர். விபத்தின் மூல காரணம், கஜகஸ்தான் விமானம் தனக்கு விதிக்கப்பட்ட 15,000 அடியில் நில்லாமல் அநுமதியின்றிக் கீழே இறங்கியதே என்று விசாரணை முடிவு செய்தது. அது ஏன் இறங்கிற்று என்பதை ஆராயும்போது வெளிவந்த செய்திகள் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை. தரையுடன் ஆங்கிலத்தில் பேசியவர் விமானி அல்லர், ரேடியோக்காரர். அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே உயரத்தை அறிய வேண்டியிருந்தது. விமானத்தை ஓட்டியவர்களின் ஆங்கில அறிவு போதாது. அவர்கள் மீட்டர் அளவில் உயரத்தைக் கணக்கிடப் பழகியவர்கள். மேகத்தினுள் விமானம் குலுங்கிக் கொண்டும் இருந்தது. தாம் 15,000 அடியில் இல்லை என்பதைக் கடைசி வினாடிகளில்தான் ரேடியோக்காரர் உணர்ந்து மேலே ஏறச் சொன்னார். எஞ்சின்களின் வேகம் கூட்டப்பட்டது. சற்றே மேலெழுந்த விமானம் எதிரே வந்ததன் மீது பட்டது.

ஆக, காதில் விழுந்த எண் ஒருவரிடமும், உயரமானியில் கண்ட எண் மற்றொருவரிடமும் இருந்தன. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கின்றனவா என்று பார்க்க அந்த விமானத்தினுள் ஒருவரும் அமரவில்லை.

அதிகாரியின் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை?

தில்லியில் அந்த அதிகாரியிடம் இருந்தது முதல்நிலை ராடார். அது வானொலி அலைகளை அனுப்பி, விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் விமானம் உள்ளது என்பதைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். எவ்வளவு உயரத்தில் என்பதைக் காட்டாது. 14,000 அடியும் 15,000 அடியும் அந்தத் திரையில் ஒன்றே. இரண்டு புள்ளிகள் நெருங்குவதை அவர் கண்டார். அவற்றுக்கிடையே 1,000 அடி இருக்கிறது என்பதற்கு விமானத்திலிருந்து வந்த சொல்லைத் தவிர வேறு ஆதாரம் அவரிடம் இல்லை.

வெளியே பார்த்து விலகியிருக்கலாகாதா என்று கேட்கலாம். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் ஒவ்வொன்றும் 300 நாட் வேகத்தில் வருவதாகக் கொண்டால், நெருங்கும் வேகம் 600 நாட். அதாவது நிமிஷத்துக்கு 10 கடல் மைல். 14 கடல் மைல் இடைவெளி 84 வினாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்றும் தம்மை நோக்கி வருகிறது என்றும் உணர்ந்து, விலகத் தீர்மானித்து, விமானம் அதன்படி திரும்பத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 12 வினாடிகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். மேகமும் அந்தியும் சேர்ந்திருந்தால் பார்வை அவ்வளவு முன்னதாக உதவாது.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நேராக மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். பக்கவாட்டில் நகரும் பொருளைத்தான் கண் எளிதில் பிடிக்கிறது. நகராத சிறு புள்ளி கடைசி வினாடிகளில் திடீரெனப் பெருக்கும்.

பின்னர் வந்த ஏற்பாடுகள்

வருவனவற்றுக்கும் போவனவற்றுக்கும் தனித்தனி வழிகளும், உயரத்தைக் காட்டும் ராடாரும், விமானங்களிலேயே மோதல் தவிர்க்கும் சாதனமும் வேண்டும் என்பவை விபத்துக்குப் பின் எழுந்த முக்கியமான சிபாரிசுகள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இவை அமுலுக்கு வந்தன.

இரண்டாம்நிலை ராடார் எதிரொலியை நம்பியிருப்பதில்லை. அது 1030 மெகாஹெர்ட்ஸ் அலையில் வினா எழுப்புகிறது. விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் விடை அனுப்புகிறது. அந்த விடையில் விமானத்தின் அடையாள எண்ணும், உயரமானி காட்டும் உயரமும் அடங்கியிருக்கும். ஆகவே திரையில் ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் அதன் பெயரும் உயரமும் எழுத்தில் தோன்றுகின்றன. நிலையத்தின் அருகே இயங்கும் ராடாரின் அலைவாங்கி ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒரு முறை சுற்றி வரும். அந்த இடைவேளையில் 250 நாட் வேக விமானம் 640 மீட்டர் முன்னேறிவிடும். இதனால், இப்போது எங்கே என்பதோடு, இனி எங்கே என்பதையும் கணிப்பொறி முன்கூட்டியே கணக்கிடுகிறது. இரு விமானங்கள் அடுத்த ஓரிரு நிமிஷங்களில் நெருங்கும் என்று கண்டால் திரையில் எச்சரிக்கை தோன்றும்.

விமானத்தினுள் பொருத்தப்படும் சாதனம் தரையை நம்பியிருப்பதன்று. அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களைத் தானே வினவி, அவை எவ்வளவு வினாடிகளில் நெருங்கும் என்று கணக்கிடுகிறது. உயரத்தைப் பொறுத்து 20 முதல் 48 வினாடிகளுக்கு முன் எச்சரிக்கையும், 15 முதல் 35 வினாடிகளுக்கு முன் 'ஏறுக' அல்லது 'இறங்குக' என்னும் கட்டளையும் தருகிறது. இரு விமானங்களிலும் இச்சாதனம் இருந்தால் அவை தமக்குள் பேசிக் கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். தரையை ஒட்டிய ஏறக்குறைய 1,000 அடிக்குள் இது கட்டளை தருவதில்லை; இறங்கும் நேரத்தில் விமானியைக் குழப்பலாகாது என்பதே காரணம்.

கருவி வந்துவிட்டதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதை 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவில் ஜெர்மனியின் யூபர்லிங்கென் நகருக்கு மேலே நடந்த விபத்து காட்டிற்று. இரண்டு விமானங்களிலும் சாதனம் சரியாகவே இயங்கியது. ஒன்றை அது ஏறச் சொன்னது. தரையிலிருந்த அதிகாரியோ அதே விமானத்தை இறங்கச் சொல்லியிருந்தார். விமானி அதிகாரியின் சொல்லைக் கேட்டார். மற்ற விமானம் தன் சாதனத்தின் கட்டளைப்படி இறங்கிற்று. 71 பேர் இறந்தனர். இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் சாதனத்தின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்பது அதன் பின்னர் சர்வதேச விதிகளில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்கப்பட்டது.

திருப்பிச் சொல்லுதல்

இத்தனை சாதனங்கள் இருந்தும், ரேடியோவில் உயரத்தையோ திசையையோ பெறும் விமானி அதனை ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரி அதனைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்னும் பழைய வழக்கம் இன்றும் கைவிடப்படவில்லை. எண்கள் குழம்பாதிருக்க 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று பிரித்தே கூறப்படுகின்றன. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாக ஒலிக்கக் கூடுமாதலால் ஒன்பதை 'நைனர்' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும் உச்சரிப்பது விதி.

இது வெறும் சடங்கன்று. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சென்ற ஒரு சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்குமாறு கூறப்பட்டது. 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்பதிலுள்ள முதற்சொல்லை 'இரண்டு' என்று கொள்ளாமல், 'வரையில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக விமானி கொண்டார். 400 அடி என்று திருப்பிச் சொன்னார், அது திருத்தப்படவில்லை. விமானம் குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். எதிரே வேறு விமானம் இல்லை. எனினும் பிழை சர்க்கி தாத்ரியின் பிழைக்கு உறவானதே. தரையிலுள்ளவர் மனத்தில் இருந்த உயரமும், விமானத்திலுள்ளவர் மனத்தில் இருந்த உயரமும் வேறாகிவிட்டன.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

இவ்விஷயத்தை வகுப்பில் விளக்க விலையுயர்ந்த உபகரணம் தேவையில்லை. ஒரு மாணவன் அதிகாரியாகவும், இருவர் விமானிகளாகவும், ஒருவர் கரும்பலகையில் உயரங்களைக் குறிப்பவராகவும் இருக்கட்டும். அதிகாரி எண்களைச் சொல்ல, விமானிகள் திருப்பிச் சொல்லாமல் செயற்படுமாறு முதலில் ஆடச் செய்து, பின்னர் திருப்பிச் சொல்லி ஆடச் செய்தால், பிழைகள் எவ்வாறு பிடிபடுகின்றன என்பதை மாணவர்களே காண்பர். வகுப்பில் சற்று இரைச்சல் இருப்பது இதற்கு நன்மையே. நெருங்கும் வேகம், 3 டிகிரி சரிவில் உயரம், அழுத்தப் பிழையால் வரும் உயரப் பிழை ஆகிய மூன்றும் உயர்நிலைப் பள்ளிக் கணக்குகளாக அமையக் கூடியவை.

களப்பணியாளருக்கு இதில் நேரடியான கடமை ஒன்றும் உண்டு. நில அளவைக்கும் பயிர்ப் பார்வைக்கும் டிரோன் என்னும் ஆளில்லா விமானங்கள் இப்போது பயன்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பிரயாணிகள் விமானத்தின் சாதனத்துக்குப் புலப்படா. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேலே பறக்கவிட முன் அநுமதி வேண்டும். அதைவிட நெருங்கிய பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. குஷாய்குடாவைப் போல் இரண்டு விமானத் தளங்களுக்கு இடைப்பட்ட ஊர்களில் வேலை செய்வோர், அரசாங்கத்தின் டிஜிட்டல் வான வரைபடத்தில் தம் இடம் எந்த நிறத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே பறக்கவிட வேண்டும். 200 அடி என்று அநுமதி பெற்றவர் 200 அடியிலேயே நிற்க வேண்டும்.

ஹைதராபாத்தின் வானில் இன்று ராணுவ விமானங்களும் பிரயாணிகள் விமானங்களும் ஒருங்கே பறக்க முடிவது, இரு தரப்பினரின் கட்டுப்பாட்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொண்டே செயற்படுவதனால்தான். ராடாரும் கணிப்பொறியும் இந்த உரையாடலைச் சரிபார்த்துத் தருகின்றன, அதற்கு மாற்றாகிவிடவில்லை. சொல்லப்பட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லவும், திருப்பிச் சொன்னதைக் கேட்டுத் திருத்தவும், கருவியில் காண்பதோடு அதனை ஒப்பிடவும் பயின்றவர்களே இந்த ஏற்பாட்டின் ஆதாரமாக இருந்து வருகின்றனர். விமானத் துறையில் சேரப்போகும் மாணவருக்கு மட்டுமன்றி, அளவுகளைக் குறித்தும் அனுப்பியும் வாழும் எந்தத் துறையினருக்கும் இந்தப் பழக்கம் பயன் தரும்.